அட்டன்பரோ: ட்ரென்ட் நதிக்கரையில் பிறந்த பெயர்

'காந்தி' படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. காட்டுயிர்களைப் பற்றி உலகத்துக்கே கதை சொன்ன குரல் அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோவினுடையது. இந்த இருவரையும் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதாக ஓர் அட்டன்பரோவின் பெயரைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலானோர் தடுமாறுவார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். பிரிட்டனில் ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அட்டன்பரோக்களோ அரிதானவர்கள்.

ஆனால் குடும்பப்பெயர்களை ஆராய்கிறவர்களிடம் கேட்டால் ஸ்மித்தைவிட அட்டன்பரோதான் பொக்கிஷம் என்பார்கள். ஒரு பெயர் எங்கே பிறந்தது, எப்படிப் பிழைத்தது, அதைச் சுமப்பவர்களின் உடம்புக்குள் அந்த வரலாறு எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பெயர்கள் குறைவு.

நாட்டிங்ஹாம் நகரிலிருந்து தென்மேற்கே சில மைல் போனால் ட்ரென்ட் நதிக்கரையில் அட்டன்பரோ என்ற கிராமம் வரும். புனித மரியாள் ஆலயமும் அதை அடுத்து வீடுகளும் ஒரு ரயில் நிலையமும் உண்டு. மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும், ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டன் 1611இல் இந்த ஊரில்தான் பிறந்தார். ஊரை ஒட்டிய நதிப்படுகையில் 20ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் சரளைக்கல் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது, நாணல் முளைத்தது, பறவைகள் வந்து சேர்ந்தன. அந்த இடம் 1966இல் இயற்கைக் காப்பகமாயிற்று. திறந்துவைக்க யாரை அழைப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. டேவிட் அட்டன்பரோ வந்து திறந்துவைத்தார்.

ஊரின் பெயரில் வரும் 'பரோ', அரண் சூழ்ந்த இடத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் எச்சம். அந்த ஊர்ப்பெயர் எப்படிக் குடும்பப்பெயர் ஆயிற்று என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. மதுரைக்குள் இருப்பவரை யாரும் 'மதுரைக்காரர்' என்று கூப்பிடுவதில்லை. அவர் திருநெல்வேலிக்கு வந்து கடை வைத்தால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஊர்வழிக் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். பக்கத்து ஊருக்குப் பிழைக்கப் போன யாரோ ஒருவரை அந்த ஊரார் 'அட்டன்பரோவிலிருந்து வந்தவர்' என்றார்கள். பிறகு அவர் மகனையும் அப்படியே அழைத்தார்கள். அந்த மகன் அட்டன்பரோவில் கால் வைத்திருக்கவே வேண்டியதில்லை.

1066இல் நார்மன்கள் வந்த பிறகு நிலப்பிரபுக்களிடம் முதலில் தோன்றிய இந்தப் பழக்கம், மெல்ல மெல்லக் கீழிறங்கி, 1400ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களிலும் நிலைத்துவிட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் மன்னர் தலைவரி வசூலித்தபோது எழுதப்பட்ட பட்டியல்கள் இன்றும் பெயராய்வாளர்களுக்குப் பெரும் துணை. அதற்குப் பிறகு 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுத்துக்கூட்டல் அமைந்தது. இன்று அட்டன்பர்ரோ, அட்டன்பரா என்றெல்லாம் உச்சரிக்கத்தக்க கிளைப்பெயர்கள் இருப்பதற்கு அந்த எழுத்தர்களின் காதுகளே காரணம்.

தமிழர்களுக்கு இந்த நிலைத்தன்மை கொஞ்சம் அந்நியமானது. முருகேசன் மகன் மு. செல்வம், செல்வத்தின் மகள் செ. கவிதா. இரண்டே தலைமுறையில் முருகேசன் கையெழுத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார். அறுநூறு, எழுநூறு ஆண்டுகளாக ஒரே பெயரைத் தகப்பன் மகனுக்குக் கைமாற்றிக்கொண்டே வருவது எவ்வளவு அசாதாரணமான சமூக ஏற்பாடு என்பது, அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத ஊரிலிருந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

லெஸ்டர் நகரம்

அட்டன்பரோ சகோதரர்களின் தந்தை ஃபிரெடரிக், 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தார். அட்டன்பரோ கிராமத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். மூதாதை ஊரைவிட்டுக் கிளம்பிப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் பெயர் அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ரயில் வருவதற்கு முந்தைய இங்கிலாந்தில் பெரும்பாலானோர் பெண்ணெடுத்ததும் கொடுத்ததும் சில மைல் சுற்றளவுக்குள்தான். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து ஓர் அரிய குடும்பப்பெயரை வரைபடத்தில் புள்ளியிட்டால், பல பெயர்களுக்குப் புள்ளிகள் ஒரே மாவட்டத்தில் குவிந்து நிற்பதைப் பார்க்கலாம். 1890இலேயே ஹென்றி கப்பி என்பவர் விவசாயிகளின் பெயர்களைக் கொண்டு இந்த உண்மையை ஒரு முழுப் புத்தகமாக எழுதிவிட்டார்.

ஃபிரெடரிக் படித்து மேலே வந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்சன் காலத்தை ஆராய்ந்து, இங்கிலாந்தின் ஆதி மன்னர்களுடைய சட்டங்களை மொழிபெயர்ப்புடன் 1922இல் பதிப்பித்தார். தன் பெயர் எந்த மொழியில் பிறந்ததோ அந்த மொழியிலேயே புலமை பெற்றவர் அவர். 1932இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். 1951 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ரிச்சர்ட், டேவிட் உட்பட மூன்று மகன்களும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தார்கள்.

அந்தச் சின்னக் கல்லூரிக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1948இல், ஃபிரெடரிக் முதல்வராக இருந்தபோதே, அங்கே ஆங்கில வட்டார வரலாற்றுக்கென ஒரு துறையைத் தொடங்கினார். அரசர்களின் வரலாற்றை விட்டுவிட்டு வயல், வேலி, தெரு, கிராமம் ஆகியவற்றின் வரலாற்றை எழுதிய துறை அது. 1965இல் அதே துறையில் ஆங்கிலக் குடும்பப்பெயர் ஆய்வுத் திட்டம் உருவாயிற்று. ரிச்சர்ட் மெக்கின்லி அதன் முதன்மை ஆய்வாளராக நார்ஃபோக், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், லங்காஷயர், சசெக்ஸ் என்று மாவட்டம் மாவட்டமாகப் பெயர்களைத் தோண்டியெடுத்தார். பல பெயர்களுக்கு ஒரே ஒரு குடும்பம்தான் மூலமாக இருக்க முடியும் என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளின் வழியே வலுப்பட்டது.

எண்ணம் வலுப்பட்டதே தவிர நிரூபிக்க வழி இருக்கவில்லை. அட்டன்பரோவிலிருந்து ஒருவர்தான் வெளியேறினாரா? வடக்கே ஒருவர், கிழக்கே ஒருவர் என்று மூன்று பேர் போய், மூன்று பேருக்கும் தனித்தனியே அதே பெயர் ஒட்டியிருக்கலாமே? 1538க்கு முன்னால் சாமானியரின் வம்சாவளியைக் காகிதத்தில் தொடர்வது மிகவும் கடினம்.

அந்த முடிச்சை அவிழ்க்கும் கருவியும் லெஸ்டரிலேயே கிடைத்தது. 1984 செப்டம்பரில் அலெக் ஜெஃப்ரீஸ், அதற்குள் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியின் ஆய்வகத்தில்தான் டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்தார். அவர் பணியாற்றிய அதே மரபியல் துறையைச் சேர்ந்த மார்க் ஜாப்லிங், டூரி கிங் இருவரும் பிறகு குடும்பப்பெயர்கள் பக்கம் திரும்பினார்கள்.

ஒய் சொல்லும் சேதி

ஆண்களின் உடலில் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. ஆங்கிலேயக் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் போகிறது. அப்படியென்றால் ஒரே பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் ஒத்துப்போக வேண்டும். இதை முதலில் சோதித்துப் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ். யார்க்ஷயரில் ஓடைக்கு வழங்கிய ஒரு சொல்தான் சைக்ஸ் என்ற பெயரானது. ஓடைகள் எத்தனையோ உண்டு. அதனால் அந்தப் பெயருக்கு மூதாதைகளும் பலர் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். தன் பெயரையே சுமந்த 48 ஆண்களின் மாதிரிகளை அவர் ஆராய்ந்தார். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவு பெயராய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

கிங்கும் ஜாப்லிங்கும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 2006இல் வெளியான ஆய்வில், ஒரே குடும்பப்பெயர் கொண்ட, ஆனால் ஒருவரையொருவர் உறவு என்று அறியாத 150 ஜோடி ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ கால்வாசி ஜோடிகள் ஒரே தந்தைவழி மூதாதையிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. பெயர் அரிதாக ஆக ஆக இந்த விகிதம் பாதியை நெருங்கியது. 2009இல் வந்த அடுத்த ஆய்வில் 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித்கள் இருவருக்கு இடையே இருந்த ஒற்றுமை, வழியில் போகிற யாரோ இருவருக்கு இடையே இருக்கும் ஒற்றுமைக்கு மேல் போகவில்லை. ஊருக்கு ஊர் கொல்லன் உண்டு; ஊருக்கு ஊர் ஸ்மித்தும் உண்டு. அட்டன்பரோக்களிலோ, பத்தில் ஏழு பேருக்கும் மேல் ஒரே வகையான அல்லது ஏறத்தாழ ஒரே வகையான ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தார்கள். முன்பின் அறியாத இரு அட்டன்பரோக்கள் சந்தித்துக்கொண்டால் அவர்கள் பெரும்பாலும் பங்காளிகள்.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் ஒரே ஓர் ஆதி அட்டன்பரோ இருந்தார்' என்று சொல்லத் தோன்றும். ஆய்வாளர்கள் அங்கேதான் தடுத்து நிறுத்துகிறார்கள். அவர்களுடைய கணக்குப்படி, இன்று உயிரோடு இருப்பவர்களை வைத்து 700 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெயரைத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. ஐந்து பேர் தொடங்கியிருக்கலாம். நான்கு கிளைகள் வழியில் பட்டுப்போயிருக்கலாம். பல பெயர்களில், இன்றைய கொத்துக்குப் பொதுவான மூதாதை அந்தப் பெயர் பிறந்ததற்கு வெகு காலம் பின்னால் வாழ்ந்தவர் என்பதும் தெரியவந்தது. யாருக்கு மகன்கள் பிழைத்தார்கள், யாருக்குப் பிழைக்கவில்லை என்கிற தற்செயல்தான் பெயர்களை வடிகட்டியிருக்கிறது. 1348இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது வாரிக்கொண்டு போனது. குடும்பப்பெயர்கள் வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நடந்த சாவு அது. அப்போது பெயரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ.

இந்தத் தற்செயலைக் கணிதமாக்க முதலில் முயன்றவர் ஃபிரான்சிஸ் கால்டன். பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் அழிந்துகொண்டே வருவது அந்தக் காலத்து அறிவாளிகளுக்குக் கவலையாக இருந்தது. உயர்ந்த குடும்பங்கள் வளம் குன்றிவருகின்றனவா, அல்லது இது வெறும் நிகழ்தகவா? 1873இல் கால்டன் இதை ஒரு கணிதப் புதிராக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடையெழுத, 1874இல் இருவரும் கட்டுரையாக்கினார்கள். எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்றது அந்த விடை. வழிமுறை சரி, முடிவு தவறு. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இருந்தால் ஒரு பெயர் என்றென்றும் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுக்காரரான பியனமே 1845இலேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கணக்கில் மனத்தைத் தொடும் பாத்திரம் டென்மார்க்கின் ஆக்னர் கிராரூப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஓர் இணைப்பகத்துக்கு எத்தனை தடங்கள் தேவை என்று கணிக்கும் கலையை உருவாக்கியவர். கிராரூப் என்பது அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பப்பெயர் அவர் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தது. 1929இல் அவர் ஒரு டேனிஷ் கணித இதழில் பெயர் அழிவைப் பற்றிய அதே கேள்வியைக் கேட்டார். அதே ஆண்டு, திருமணம் ஆகாமலே இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஸ்டெஃபன்சன் என்ற அவருடைய நாட்டவர் சரியான விடையை வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா 1920ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டு பார்த்தபோது, ஓர் ஆணிலிருந்து தொடங்கும் ஆண்வழி என்றாவது ஒருநாள் அற்றுப்போவதற்கான வாய்ப்பு 100க்குச் சுமார் 82 என்று வந்தது. மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த நாட்டிலேயே இந்த நிலை. அரிய பெயர் ஒன்று இன்று உயிரோடு இருக்கிறது என்றால், அது அத்தனை தலைமுறைகளில் ஒவ்வொரு முறையும் தப்பித்து வந்திருக்கிறது.

பெயர் ஒன்று, ரத்தம் வேறு

அட்டன்பரோக்களில் எஞ்சியவர்கள்? பொது வகையோடு ஒத்துப்போகாத அந்தச் சிறு பகுதியினரைப் பார்த்ததும் சிலர் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். அது நியாயமில்லை. தத்தெடுத்த பிள்ளை இருக்கலாம். கணவனை இழந்தவள் மறுமணம் செய்தபோது கூடவே வந்து, புதுத் தகப்பனின் பெயரை ஏற்ற சிறுவன் இருக்கலாம். திருமணமாகாத தாய் தன் பெயரைக் கொடுத்த மகன் இருக்கலாம். வேறொரு மூதாதை இருந்திருக்கலாம். மணவாழ்வின் மீறல் இவற்றோடு இன்னொரு காரணம், அவ்வளவே. பிரையன் சைக்ஸ் தன் பெயரைக் கொண்டு மதிப்பிட்டபோது, இப்படிப்பட்ட எல்லாக் காரணங்களையும் சேர்த்தும் ஒரு தலைமுறைக்கு 1.3 விழுக்காடுதான் வந்தது. ஒரு தலைமுறைக்கு அது சொற்பம். இருபது தலைமுறைகள் சேரும்போது கணிசமாகிவிடும்.

அரண்மனைகளும் இதற்கு விலக்கல்ல. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியிலிருந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. டூரி கிங்தான் மரபணு ஆய்வை நடத்தினார். தாய்வழி மரபணு உறவினரோடு பொருந்தியது. தந்தைவழியில், வம்சாவளிப்படி மன்னரின் உறவினரான சாமர்செட் குடும்பத்து ஐந்து ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். ஐந்தில் ஒன்றுகூட மன்னரோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் ஒத்துப்போகவில்லை.

சில சமயம் பெயர்மாற்றம் ஊரறிய நடக்கும். நார்தம்பர்லண்டின் பெர்சி வம்சத்து வாரிசுப் பெண்ணை மணந்த ஹியூ ஸ்மித்சன், 1750இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியாகத் தன் பெயரை விட்டுவிட்டு பெர்சி ஆனார். அவருக்கு மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகன் ஜேம்ஸ், தகப்பன் உதறிய ஸ்மித்சன் என்ற பெயரைப் பின்னாளில் தனக்கு எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் கால் வைக்காத அமெரிக்காவுக்குத் தன் சொத்தை எழுதிவைத்தார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

லெஸ்டர் குழுவின் கண்டுபிடிப்புகளில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று 2007ஆம் ஆண்டு ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். கிழக்கு யார்க்ஷயரோடு தொடர்புடைய, மிக அரிதான ஒரு குடும்பப்பெயரைக் கொண்ட வெள்ளையர் ஒருவரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரிய, மிகப் பழமையான ஒய் குரோமோசோம் வகை இருந்தது. அவருடைய குடும்பத்தில் ஆப்பிரிக்கத் தொடர்பு பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அதே பெயர் கொண்ட மேலும் பலரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். மொத்தம் 18 பேரில் ஏழு பேரிடம் அதே ஆப்பிரிக்க வகை. வம்சாவளியைத் தொடர்ந்தபோது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்ஷயரில் வாழ்ந்த இருவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த இருவருக்கும் பொது மூதாதை அதற்கும் முன்னால். ரோமானியப் படையோடு வந்தவரா, அடிமை வணிகக் காலத்தில் வந்தவரா என்பது தெரியாத ஓர் ஆப்பிரிக்கரின் வழி, மண்ணின் மைந்தர்களென்று எல்லோரும் எண்ணியிருந்த ஒரு கிராமப்புறப் பெயருக்குள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 'இவர் இந்த ஊர்க்காரர், அவர் வந்தேறி' என்று பெயரை வைத்துப் பிரிப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஆய்வு.

பெயர் மறந்துவிடும் பாதி ஒன்று இருக்கிறது. ரிச்சர்டுக்கும் டேவிடுக்கும் தாய் மேரி. அவர் பிறந்தது கிளெக் குடும்பத்தில். அவருடைய தந்தை சாமுவேல் கிளெக், அட்டன்பரோ கிராமத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள லாங் ஈட்டனில் பள்ளித் தலைமையாசிரியர். அந்தப் பிள்ளைகளிடம் கிளெக் ரத்தம் சரிபாதி ஓடியது. பெயரில் அது ஓர் எழுத்தாகக்கூட இல்லை. ஏழு தலைமுறைக்குப் பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 128 மூதாதையர். அவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் ஒரு குடும்பப்பெயர் காப்பாற்றுகிறது. ஆண்வழிப் பெயராய்வு எவ்வளவு அழகானதென்றாலும், இந்த 127 பேரை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஃபிரெடரிக்கும் மேரியும் குடும்பத்தின் எல்லையைப் பெயரோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி பெர்லினிலிருந்து வந்த இரண்டு யூதச் சிறுமிகள், அமெரிக்காவில் உள்ள உறவினரிடம் போகும் வழியில் லெஸ்டரில் அவர்கள் வீட்டில் தங்கினார்கள். போர் வெடித்தது, பயணம் நின்றுபோனது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனி இவர்கள் உங்கள் சகோதரிகள் என்றார்கள் பெற்றோர். ஏழு ஆண்டுகள் அந்தப் பெண்கள் அங்கேயே வளர்ந்தார்கள். ரிச்சர்ட் பிற்காலத்தில் தன்னை உருவாக்கிய நிகழ்வுகளில் ஒன்றாக இதைச் சொல்லி வந்தார்.

ஆண்வழியை மட்டும் நம்பியிருக்கும் கட்டாயம் இன்று எந்த ஆங்கிலப் பெயருக்கும் இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் சொல்வதில்லை. தாயின் பெயரைக் கொடுக்கிறவர்களும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறவர்களும் கூடிவருகிறார்கள். கால்டன்-வாட்சன் கணக்கும் ஒய் குரோமோசோமும் இனிமேல் வரும் தலைமுறைகளின் பெயர்களை இதே துல்லியத்தோடு தொடர முடியாது.

அட்டன்பரோ என்ற பெயரோ வேறொரு வழியிலும் பெருகத் தொடங்கிவிட்டது. டேவிட் அட்டன்பரோவைக் கௌரவிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிரினங்களுக்கு அறிவியலாளர்கள் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் மலையுச்சியில் வளரும் ஒரு பெரிய குடுவைச்செடி, டாஸ்மேனியாவின் ஒரு நத்தை, ஜுராசிக் காலக் கடல் ஊர்வன ஒன்றின் புதைபடிவம் என்று பட்டியல் நீள்கிறது. இந்தோனேசிய நியூகினியின் சைக்ளப்ஸ் மலையில் 1961இல் ஒரே ஒரு மாதிரி மட்டும் சேகரிக்கப்பட்டு, 1998இல் அட்டன்பரோவின் பெயர் பெற்ற நீள்மூக்கு எக்கிட்னா என்னும் முட்டையிடும் பாலூட்டி, அற்றுப்போயிருக்குமோ என்று பலரும் அஞ்சிக்கொண்டிருந்த நிலையில், 2023இல் தானியங்கிக் கேமராவில் உயிரோடு நடந்து போனது.